போயிற்று

“ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா டீச்சர்?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதைப் பத்தி அண்ணாச்சி?”

“கடப்புறத்துலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. டெல்பின்னு பேரு. புன்னைத்துறை மீனவர் சங்கத்துல வேலை. நம்ம கையேட்டைப் படிச்சுதாம். இத்தனை நாள் புரியாதது ஒரே வரியில புரிஞ்சுட்டுன்னு சொல்லி நன்றி சொல்லிச்சு. அந்த வரியைத் தாள்ல எழுதிச் சுவர்ல ஒட்டியிருக்காம்.”

“சந்தோசம்.”

“அவ்வளவுதானா?”

டீச்சர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு என்ன செய்யுது?”

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். வெளியாட்கள் அதை மடம் என்பார்கள். கேலிதான். உள்ளே பேச்சு குறைவு. மதியம் எல்லோருக்கும் சோறு உண்டு. சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசுவதற்கான நிரல்களை அங்கே எழுதினார்கள். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த நிரல் தொகுப்புக்குத் தூது என்று பெயர். எழுதியவர் பிரகாசி. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர், அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

ஆவுடையப்பன் அவரைவிட மிகவும் மூத்தவர். பெங்களூரில் பல காலம் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் மிக்சிகளுக்கும் கையேடு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடியேறி வந்தார்.

“உங்க நிரல் நல்லா இருக்கு. கையேட்டுத் தமிழ் நல்லா இல்லை. நான் திருத்தலாமா?”

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் அதில்தான் இருக்கிறார்.

அவர் முதலில் திருத்தியது, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும் ‘அனுப்பு’ என்ற கட்டளைக்கு டீச்சர் எழுதியிருந்த விளக்கத்தை.

‘அனுப்பு’ ஆம் எனத் திருப்பியளிக்கும் பட்சத்தில், தரவானது இயங்குதளத்தின் வெளிச்செல் இடையகத்தில் இடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

ஆவுடையப்பன் அதை ஒரு வேண்டாத மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வெட்டினார். கிளை கிளையாக வெட்டி, கடைசியில் இதை நிறுத்தினார்.

‘அனுப்பு’ ஆம் என்றால், செய்தி போயிற்று.

அவருக்கே அது பிடித்திருந்தது. சத்தமாகச் சொன்னால் இன்னும் பிடித்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டபோது, இரண்டு சட்டை கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

“சொல்லுங்க, என்ன செய்யுது அந்தப் பொண்ணு?” என்றார் டீச்சர்.

“கடலுக்குப் போற வள்ளத்துக்கு ஒரு பெட்டி கட்டியிருக்காங்க. காத்து வருதுன்னா கரையிலேருந்து டெல்பின் செய்தி அனுப்பும். பெட்டி கூவும். ஆளுங்க திரும்பி வந்துடணும். அனுப்புறது பூரா நம்ம தூதுதான். கரையில ஒரு திரையும் வெச்சிருக்கு. வள்ளத்துக்கு ஒரு வெளக்கு. செய்தி போனதும் பச்சை எரியும்.”

“எங்க போனதும்?”

“புரியலை டீச்சர்.”

டீச்சர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணாச்சி, ரெண்டு டீ சொல்லுங்களேன்.”

ஆவுடையப்பன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வழக்கம்போலத் திரைச்சீலையை விலக்காமலே, எதிர்க் கடைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“நேசையா, ரெண்டு டீ.”

வந்து உட்கார்ந்தார்.

“சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

டீச்சர் வேலையைப் பார்த்தார். ஆவுடையப்பன் டெல்பின் சொன்னதை இன்னொரு முறை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு பஸ் நின்று போயிற்று. இன்னொன்றும் வந்தது.

“டீயைக் காணுமே.”

“வரும் டீச்சர். அதான் சொல்லியாச்சே.”

இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நெசமா சொன்னியளா?”

“இது என்ன கூத்து. உங்க முன்னாலதானே சொன்னேன்?”

“ஆமா. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுது.”

ஆவுடையப்பன் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினார்.

எதிர்க் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. நேசையன் காலையிலேயே மகள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியிருந்தார்.

ஆவுடையப்பன் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு சட்டென்று திரும்பினார்.

“டீச்சர். வள்ளத்துப் பெட்டி வேலை செய்யாமக் கெடக்கும். கரையில பச்சை எரியும்.”

டீச்சர் போனை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளினார்.

“அப்ப போயிற்றுன்னா போகலையா?” என்று கேட்டாள் டெல்பின்.

“போயிருக்கும். ஆனா சேர்ந்துதா இல்லையான்னு தெரியாது.”

“அப்படி எழுதலையே நீங்க.”

“எழுதலை.”

“எங்க வீட்டுல போச்சுன்னா மூணு அர்த்தம் அண்ணாச்சி. மீன் போச்சுன்னா ஏலத்துக்குப் போச்சு. வலை போச்சுன்னா கிழிஞ்சு போச்சு. எங்க மாமனார் போன வருசம் போனாரு. நீங்க இதுல எதைச் சொன்னிய?”

எழுதியபோது ஆவுடையப்பனுக்கு ஓசைதான் கேட்டது.

“சரி, நான் பச்சையை அணைச்சு வெச்சிடுதேன்,” என்றாள் டெல்பின். “பழையபடி வயர்லெஸ்ல ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கிடுதேன். காத்து அடிக்கும்போது அது நடக்காது. எல்லாரையும் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள காத்து வந்துரும். அதுக்குத்தானே இந்த வெளக்கையே போட்டேன்.”

“எப்படிச் செய்யணும்னு இப்பவே போன்ல சொல்லிடுதேம்மா.”

“எனக்குச் சொல்லுவிய. மத்த துறையில இருக்கவங்களுக்கு? கிழக்க ஒரு சங்கம் இதே கையேட்டைப் பாத்துத்தான் வெளக்கு போட்டிருக்கு. எனக்குத் தெரியாத சங்கம் எத்தனையோ.”

“அது யாருன்னு எனக்கும் தெரியாதே.”

“அதுதான் சொல்லுதேன். கையேட்டை மாத்துங்க. நான் அதைப் பாத்தே பச்சையைத் திருப்பி வைக்கேன். எனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும். ஆடிக் காத்துக்கு முன்னால மாத்திருங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரும் கடலுக்குப் போறவருதான்.”

“மாத்திடுதேம்மா.”

“கூப்பிட்டுச் சொன்னியளே, அதுக்கு நன்றி.”

ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டுக் கையேட்டைத் திறந்தார்.

அன்றே ‘போயிற்று’ கையேட்டிலிருந்து போயிற்று. அந்த இடத்தில் டீச்சரின் பழைய வாக்கியம் திரும்ப வந்து உட்கார்ந்தது.

“நீங்க எழுதினது சரியாத்தான் இருந்திருக்கு டீச்சர். நான்தான் கெடுத்தேன்.”

“நான் எழுதினதை யாரும் படிக்கலை. நீங்க எழுதினதைப் படிச்சாங்க, தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.”

ஆவுடையப்பன் எழுத உட்கார்ந்தார்.

முதலில் எழுதியது ஒரு முழுப் பக்கம். எந்தெந்தச் சமயத்தில் செய்தி வழியில் தொலையும், எந்தெந்தச் சமயத்தில் தாமதமாகும், எதற்குத் தூது பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு வக்கீல் படித்தாலும் குறை சொல்ல முடியாது.

டீச்சர் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மீதியைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது, ஒரே வரி.

‘அனுப்பு’ ஆம் என்றால், செய்தி ஒப்படைக்கப்பட்டது, சேர்ந்ததெனக் கொள்ளற்க.

“கொள்ளற்க,” என்றார் டீச்சர். “இதைக் கல்லுல வெட்டணுமா, கையேட்டுல போடணுமா?”

மூன்றாவதை அவர் ஆசையோடு எழுதினார். ‘அனுப்பு’ என்பது மழைநீரில் விட்ட காகிதக் கப்பல் என்று அது தொடங்கியது.

டீச்சர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கப்பல் எங்க போய் நின்னிருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். செய்தியை மறந்துட்டேன்.”

ஆனி மாதம் முடியப் போகிறது. ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. டெல்பினின் வீட்டுக்காரர் பெயர் கிளீட்டஸ் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

“எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க டீச்சர். அப்படியே எழுதிடுதேன்.”

“எனக்குத் தெரியாது.”

“அந்தக் கட்டளையை எழுதினதே நீங்கதானே?”

“அதனாலதான் தெரியாது.”

டீச்சர் எழுந்தார். ஆவுடையப்பனையும் எழுந்திருக்கச் சொன்னார். அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே மாடிப்படியில் வைத்தார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடையப்பன் அறை நடுவில் நின்றார்.

“எங்க போகச் சொல்லுதிய?”

“புன்னைத்துறைக்கு.”

“போய் என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் கேக்கக் கூடாது.”

“சொல்லவாவது செய்யலாமா?”

“ஒண்ணும் சொல்லக் கூடாது. நீங்க எழுதினதைக் குடுங்க. பக்கத்துல உக்காருங்க. அந்தப் பொண்ணு படிக்கும். நீங்க பாருங்க.”

“எதைப் பாக்கணும்?”

டீச்சர் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்.

சங்கத்து அறையில் மீன் வாடையும் புது பெயின்ட் வாடையும் கலந்து அடித்தன. சுவரில், தாள் ஒட்டியிருந்த இடத்தில் நான்கு மூலையிலும் பசை மட்டும் இருந்தது. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

டெல்பினிடம் ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டாவது வாக்கியம்தான். ‘சேர்ந்ததெனக் கொள்ளற்க’வை மட்டும் எடுத்திருந்தார்.

‘அனுப்பு’ ஆம் என்றால், செய்தி ஒப்படைக்கப்பட்டது.

டெல்பின் படித்தாள். வாய்விட்டுப் படிக்கிறவள்.

“ஒப்படைக்கப்பட்டது. சரி. அப்ப வள்ளத்துப் பெட்டியில ஒப்படைச்சாச்சு. அப்ப பச்சை போட்டுடலாம்.”

அவள் கை, பச்சையைத் திருப்பி வைக்கக் கணினியின் விசைகளுக்குப் போயிற்று.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, தொண்டையில முள்ளா? நீங்க மீனே தின்ன மாட்டியளாமே, டீச்சர் போன்ல சொன்னாங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“பேசக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்களா?”

ஆமாம் என்று ஆட்டினார்.

“நல்ல டீச்சர்,” என்றாள் டெல்பின். சந்தேகம் வந்து கையை எடுத்துக்கொண்டாள். தாளை மறுபடி பார்த்தாள். “ஒப்படைக்கப்பட்டது. யாரு ஒப்படைச்சது? யாரு வாங்கினது? எழுதுற ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். பட்டது, பட்டதுங்கிய. ஆளே இல்லாத ஊருல நடக்க மாதிரி இருக்கு.”

ஆவுடையப்பன் தன் தாளை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உண்மைதான். அதில் யாருமே இல்லை.

மேஜை மேலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. ஒரு ஆண்குரல். கிளீட்டஸ்.

“வரும்போது எண்ணெய் கேனை மறந்துராதீங்க,” என்றாள் டெல்பின். “நேத்தும் வள்ளத்துலயே விட்டுட்டிய.”

“ஆங்.”

“ஆங்னா?”

“ஆங்னா ஆங்தான்.”

“என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்பம்.”

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

“எண்ணெய் கேனு,” என்றது குரல்.

“அது.”

அவள் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோலத் தாளுக்குத் திரும்பினாள். ஆவுடையப்பன் நாற்காலியின் கைகளை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மதியம் அவருக்கென்று தனியாகத் தயிரும் வாழைக்காய் வறுவலும் வாங்கி வைத்திருந்தாள். அவர் பேசாமல் சாப்பிட்டார். பேசாமல் கைகழுவினார். கிளம்பும்போது பேசலாமா கூடாதா என்று தெரியாமல், வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜெபம் சொல்லுகிறார் என்று நினைத்து மரியாதையாகக் காலை ஒடுக்கிக்கொண்டார்.

மறுநாள் டீச்சரிடம் அவர் கொடுத்தது இது.

‘அனுப்பு’ ஆம் என்றால், உங்கள் கணினி செய்தியை வாங்கிக்கொண்டது. மறுமுனைக்கு அது கிடைத்ததா என்று உங்கள் கணினிக்குத் தெரியாது. மறுமுனை பதில் சொன்னால்தான் தெரியும்.

கொடுத்துவிட்டு அவரே எட்டிப் படித்தார். ஓசை இல்லை. வளைவு இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

“ரொம்பத் தட்டையா இருக்கோ டீச்சர்?”

டீச்சர் படித்தார். ஒரு முறைதான். ஒரு விசையை அழுத்தினார். கையேட்டில் ஏறிவிட்டது.

“ஒண்ணும் சொல்லலையே?”

“வாங்க, சோறு ஆறிடும்.”

மாடிப்படியில் இருந்த நாற்காலியை ஆவுடையப்பனே உள்ளே தூக்கி வந்து போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அவர் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். போன் வரத்தான் செய்தது. திருச்சியிலிருந்து ஒருவர் வேறு கட்டளையைப் பற்றிக் கேட்டார். மாலத்தீவில் வேலை பார்க்கும் ஒருவர் தூதைக் கணினியில் நிறுவத் தெரியவில்லை என்றார். மதுரையிலிருந்து ஒரு மாணவன், புதுச் சட்டை அடிக்கப் போகிறோம், வேறு ஏதாவது வரி இருக்கிறதா என்று கேட்டான்.

‘அனுப்பு’ பற்றி யாரும் கேட்கவில்லை. யாரும் புகழவும் இல்லை.

“படிக்கவே இல்லையோ என்னவோ,” என்றார் ஆவுடையப்பன்.

அவர் போனைக் கையில் எடுத்தார்.

“டெல்பினைக் கூப்பிட்டு, படிச்சியாம்மான்னு கேட்டுரட்டுமா?”

“படிச்சேன், புரிஞ்சுதுன்னு சொல்லும்.”

“சொன்னா நல்லதுதானே?”

“முதல்லயும் அப்படித்தானே சொல்லிச்சு.”

ஆவுடையப்பன் எடுத்த போனை வைத்தார்.

ஆடி பிறந்த சில நாட்களில், காலையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது காற்று எழுந்தது. மருந்துக்கடையின் தகரப் பலகை சுவரில் அடித்துக்கொண்டது. நேசையன் கடைக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சை உள்ளே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

ஆவுடையப்பன் புன்னைத்துறைக்குப் போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி போட்டார்.

டீச்சரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். டீச்சரும் கடப்புறத்தில் பிறந்தவர்தான். மதியம் சோறு வந்தது. யாரும் மூடியைத் திறக்கவில்லை.

ஆவுடையப்பன் மூன்றாம் முறை போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிறது என்பதால் அந்த முனையில் யாருக்கும் கேட்கிறது என்று ஆகிவிடாது என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு போன் வந்தது.

“அண்ணாச்சி,” என்றாள் டெல்பின். மூச்சு வாங்கியது. “கூப்பிட்டிருந்தியளோ?”

“அங்க எப்படிம்மா இருக்கு?”

“எல்லாரும் வந்தாச்சு.”

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“செய்தியைப் போட்டேன். பெட்டியிலேருந்து பதிலு வர வர பச்சை ஒண்ணு ஒண்ணா விழுந்துக்கிட்டே வந்துது. எங்க வீட்டுக்காரர் வள்ளத்துக்கு மட்டும் விழலை. மறுபடி போட்டேன். போகுதுன்னு சொல்லுது, பதிலு வரலை. வயர்லெஸ்லயும் ஆளைக் காணும். பெட்டிக்குள்ள தண்ணி ஏறிட்டுது போல. இந்த மனுசன் வயர்லெஸ்ஸையும் சாக்குல சுத்தி அடியில போட்டுட்டு வலையிழுத்துட்டு நின்னிருக்காரு.”

“பெறவு?”

“பச்சை விழுந்த வள்ளத்துல எது பக்கத்துல கெடக்குன்னு பாத்தேன். மிக்கேல் அண்ணன் வள்ளம். அவரைக் கூப்பிட்டு, இவருக்குச் சேரலை, போய்ப் பாருங்கன்னேன். அவரு கிட்டப் போயி சத்தம் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு இப்ப உள்ள உக்காந்து சோறு தின்னுட்டு இருக்காரு. சேரலைன்னா சொன்ன, நான் சேர்ந்துட்டேன் பாருன்னு சிரிப்பு வேற. வாயில அடிக்கணும்.”

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் குழம்பு கேட்டது.

“எடுத்துப் போட்டுக்கிடுங்க,” என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் குரல் உடைந்து, பிறகு சரியாயிற்று. “கிழக்க அந்தச் சங்கத்துலயும் ஆளு சேதமில்லையாம். அவங்களும் இப்படித்தான் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சாங்களாம். டீச்சர்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. மாதாவுக்கும் டீச்சருக்கும் நன்றின்னு.”

“சொல்லுதேம்மா.”

“வைக்கட்டுமா?”

ஆவுடையப்பனால் அடக்க முடியவில்லை.

“டெல்பின், ஒண்ணு கேக்கணும். அந்தப் புது விளக்கம் எப்படி இருந்துது?”

“எது?”

“கையேட்டுல. ‘அனுப்பு’க்கு எழுதியிருந்தேனே.”

“மாத்திட்டியளா?” என்றாள் டெல்பின்.

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“இருங்க, பச்சை வைக்கதுக்கு முந்தி பாத்தேன். பதிலு வந்த பெறவுதான் வைக்கணும்னு தெரிஞ்சுது, வெச்சேன். அது எனக்கே தெரிஞ்சதா, அங்க எழுதியிருந்துதா, ஞாபகம் இல்லை அண்ணாச்சி. நான் வரியெல்லாம் கவனிக்கலை. நல்லா எழுதியிருந்தியளோ?”

ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“நன்றிம்மா,” என்றார்.

“எனக்கா?” என்றாள் டெல்பின். “எதுக்கு?”